காற்றடைத்த வேகப் படகின் தளத்தில் அதிர்ச்சி தாங்கும் மெத்தை போட்டால் நாரி வலி குறையுமா?

நீங்கள் எழுதிய கேள்வி இது: திருகோணமலைப் பக்கம் நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்கும், திமிங்கிலம் பார்க்க வெளிக்கடலுக்கும் ஓடும் 4.7 மீற்றர் படகு. பைபர் அடித்தட்டு, சுற்றிவர றப்பர்க் குழாய், 60 குதிரைவலு என்ஜின். அதன் தளத்தில் ஓர் அங்குலத் தடிப்புள்ள ஈ.வி.ஏ. நுரை மெத்தை ஒட்டுவதா, வெளிநாட்டிலிருந்து அதிர்ச்சி தாங்கும் தளவிரிப்பு எடுப்பிப்பதா, எது நல்லது? கூடவே காற்றுத்தளம் உள்ள சுருட்டும் படகு ஒன்றும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகளில்தான் விஷயம் இருக்கிறது. படகை ஓட்டும் உங்கள் மைத்துனருக்குப் பின்னேரமானால் நாரியை, அதாவது கீழ்முதுகை, நிமிர்த்த முடியவில்லை. போன மாதம் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், இருந்த ஒரு பெண், படகு அலையில் அடித்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது, ஒரு மெத்தையைப் போட்டுவிட்டு இதே வேகத்தில் இதே கடலில் தொடர்ந்து ஓடலாமா என்பதுதான். ஓட முடியாது. மெத்தையால் நன்மை உண்டு, போடுங்கள் என்றும் சொல்வேன். ஆனால் அந்தப் பெண்ணை அழவைத்த அடியை எந்த மெத்தையும் தடுத்திருக்காது.

இயந்திரப் பொறியியல் படித்தவன் நான்; அதிலும் அதிர்வுதான் எனக்குப் பிடித்த பாடம். அதன் பிறகு பல வருடங்களாகத் திருகோணமலையில் படகுகளுக்குத் தளம் போடுவதும் இருக்கை பொருத்துவதும் றப்பர்க் குழாய் ஒட்டுவதுமே என் வேலை. வைத்தியன் இல்லை. முதுகெலும்பைப் பற்றி நான் சொல்வது படித்ததும், வைத்தியர்களிடம் கேட்டதும் மட்டுமே. படகின் தளத்தைப் பற்றிச் சொல்வதைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

முதலில் இரண்டு விதமான ஆட்டத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று அதிர்வு. என்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்றுச் சுற்றினால் அதன் தண்டு நொடிக்கு 83 முறை சுழல்கிறது. அந்த நடுக்கம் பின்பலகை வழியாகத் தளத்துக்கு வந்து உள்ளங்காலில் ஏறுகிறது. சிற்றலைகள் அடித்தட்டைத் தட்டும்போது பைபர் தகடு அதிர்வதும் இந்த வகைதான். கால் மரத்துப்போவதும், குதிகால் எரிவதும் பெரும்பாலும் இதனால் வருபவை. மற்றது அடி. படகு அலையின் முடியைத் தாண்டி, ஒரு கணம் தண்ணீரை விட்டுக் கிளம்பி, அடுத்த அலையின் முதுகில் விழுவது. அது நொடிக்குப் பல தடவை நடப்பதில்லை. நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் நடந்து முடிந்துவிடும் ஒரே ஒரு தள்ளு. நாரியை முறிப்பது இதுதான். உட்கார்ந்த நிலையில் மனிதனின் முதுகெலும்பு நொடிக்கு 4 முதல் 6 அசைவுகள் என்ற அளவில்தான் கூடுதலாக ஒத்தாடும். அலையடியின் சக்தியில் பெரும்பகுதி அந்த அளவிலும் அதற்குக் கீழும் கிடக்கிறது. உடம்பு எதைத் தாங்க மாட்டாதோ அதையே கடல் கொடுக்கிறது.

இனி மெத்தையின் கணக்கு. ஒரு பொருள் அடியைக் குறைப்பது, விழுவது நின்றுபோக எடுக்கும் தூரத்தை, அதாவது நிற்கும் தூரத்தை, நீட்டுவதால். வேறு வித்தை எதுவும் கிடையாது. படகு நொடிக்கு 3 மீற்றர் வேகத்தில் தண்ணீரில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம், நம் கடலில் அரிதான விஷயம் இல்லை. உங்கள் படகின் அடி வி வடிவில் இருப்பதால் அது தண்ணீரைப் பிளந்து இறங்கி, பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது என்றால், நிற்கும் தூரம் 15 சென்ரிமீற்றர். தளம் உங்கள் காலை மேலே தள்ளும் விசை, சும்மா நிற்கும்போது உள்ள பாரத்துக்கு மேலாக, புவியீர்ப்பின் 3 மடங்கு. இப்போது 25 மில்லிமீற்றர் மெத்தையைப் போடுகிறோம். அது முழுவதும் நசுங்காது. 15 மில்லிமீற்றர் நசுங்கியதும் பலகை மாதிரி இறுகிவிடும். ஆக 150 மில்லிமீற்றரோடு இன்னும் 15 சேர்ந்தது. விசை பத்தில் ஒரு பங்கு குறைந்தது, அதுவும் மெத்தை குற்றமே இல்லாமல் வேலை செய்தால். அதே மனிதன் முழங்காலைத் தளர்த்தி, 25 சென்ரிமீற்றர் இறங்கிக் கொடுக்கிறான் என்றால் உடலுக்கு வரும் விசை பாதிக்கும் கீழே போகிறது. 15 சென்ரிமீற்றர் ஏறி இறங்கும் நல்ல இருக்கை ஒன்று அதைப் பாதியாக்கும். இவை காகிதக் கணக்குகள், கடல் இவ்வளவு ஒழுங்காக அடிப்பதில்லை. ஆனால் மெத்தை, முழங்கால், இருக்கை என்ற மூன்றுக்கும் உள்ள இடைவெளி எந்தக் கடலிலும் இதே வரிசையில்தான் இருக்கும்.

இன்னொரு கோணத்திலும் இதே விடை வருகிறது. மெத்தையில் நீங்கள் சும்மா நிற்கும்போது அது 2 மில்லிமீற்றர் அமுங்கினால், நீங்களும் மெத்தையும் சேர்ந்த அமைப்பின் இயல்பான ஆட்டம் நொடிக்குச் சுமார் 11. நொடிக்கு 16க்கு மேற்பட்ட நடுக்கத்தைத்தான் அது குறைக்கத் தொடங்கும். என்ஜினின் 83ஐ அருமையாக அடக்கிவிடும். அலையடியின் 3ஐயும் 5ஐயும் அப்படியே மேலே அனுப்பும். சில வேளை சற்றுக் கூட்டியும் அனுப்பும். நொடிக்கு 3 என்ற ஆட்டத்தை ஒரு மெத்தை குறைக்க வேண்டுமானால், நீங்கள் ஏறி நின்றவுடன் அது 50 மில்லிமீற்றருக்கு மேல் அமுங்க வேண்டும். அப்படிப்பட்ட ஒன்றின் மேல் நின்றுகொண்டு ஓடும் படகில் சுக்கானைப் பிடிக்க யாராலும் முடியாது, கணுக்கால் புரண்டுவிடும். அதனால்தான் இதைப் பொருளின் குறை என்று நான் சொல்வதில்லை. ஓர் அங்குலத் தடிப்புக்கு அதற்கு மேல் இடமில்லை.

அப்படியானால் வெளிநாட்டு விரிப்புகளின் விளம்பரத்தில் போடும் பெரிய பெரிய சதவீதங்கள் பொய்யா? பொய் என்று சொல்ல மாட்டேன். ஆய்வுகூடத்தில் ஒரு இரும்பு எடையை விரிப்பின் மேல் விழுத்தி, உச்ச விசை எவ்வளவு குறைந்தது என்று அளக்கிறார்கள். இரும்பு கொங்கிறீற்றில் விழுந்தால் நிற்கும் தூரம் பூச்சியத்துக்குக் கிட்ட. அதோடு 15 மில்லிமீற்றர் சேர்ந்தால் பெரிய வித்தியாசம்தான். படகிலோ தண்ணீர் ஏற்கெனவே 150 மில்லிமீற்றரைக் கொடுத்துவிட்டது. அமெரிக்காவின் ஸ்கைடெக்ஸ் போன்ற விரிப்புகள் நுரை வகையைச் சேர்ந்தவை இல்லை. ஒன்றை ஒன்று பார்த்த சிறு பிளாஸ்டிக் குமிழ்களை வரிசையாக வைத்துச் செய்தவை. அடி விழும்போது குமிழ் மடிந்து கொடுத்து, மீண்டும் எழுகிறது. தண்ணீரைக் குடிக்காது, நுரையைப் போல் நாளடைவில் தட்டையாகிப் போகும் தொல்லையும் குறைவு. கடற்படை வேகப் படகுகளின் தளத்தில் அவற்றைப் போட்டது காரணத்தோடுதான். ஆனால் அந்தப் படகுகளில் அதிர்ச்சி தாங்கும் இருக்கைகளையும் பொருத்துகிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

காசு செலவழிக்காத வழி ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் மெத்தையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. வேகப் படகுகள் அலையில் வாங்கும் அடிக்கு 1976இல் சாவிட்ஸ்கி, பிரவுண் என்ற ஆய்வாளர்கள் எழுதிய சமன்பாட்டில், அடி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 25 நொட்டில் (மணிக்கு 25 கடல்மைல்) ஓடுபவர் 20 நொட்டுக்கு இறங்கினால் அடி 100இலிருந்து 64க்கு வந்துவிடும். அந்தச் சமன்பாடு பெரிய படகுகளை வைத்துச் செய்தது, உங்கள் 4.7 மீற்றருக்கு எண் அப்படியே பொருந்தும் என்று நான் வாதாட மாட்டேன். போக்கு பொருந்தும். மிக நல்ல மெத்தை பத்தைக் குறைக்கும் இடத்தில், வேகப்பிடியான திரொட்டிலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்த கை முப்பதுக்கு மேல் குறைக்கிறது.

நம் பக்கத்துக் கடலின் குணம் இங்கே முக்கியம். திமிங்கிலம் பார்க்கும் பருவத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும் கச்சான். விடியப் புறப்படும்போது கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடக்கும், காற்றும் முதுகில். போகும்போது யாருக்கும் நோவதில்லை. கச்சான் எழும்பிய பிறகு திரும்பி வரும்போதுதான் காற்றும் அலையும் நேர் முகத்தில். குட்டையான, நெருக்கமான அலை. ஒன்றிலிருந்து விழுந்து எழும்புவதற்குள் அடுத்தது வந்துவிடும். அந்த நேரத்தில்தான் பயணிகள் களைத்திருக்கிறார்கள், ஓட்டுபவரும் களைத்திருக்கிறார், கரையில் அடுத்த கூட்டம் காத்திருப்பதால் திரொட்டிலும் முன்னுக்குப் போகிறது. மைத்துனரின் நாரி வலி எந்த ஓட்டத்துக்குப் பிறகு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். திரும்பும் ஓட்டம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதற்கு நேரத்தை ஒதுக்குங்கள், புறப்படும் நேரத்தை முன்னுக்குத் தள்ளுங்கள். அலைக்கு நேர்முகமாக வராமல் சற்றுச் சரிவாக வந்தால் வழி நீளும், அடி குறையும். கொட்டியாரக்குடாவைக் குறுக்கே கடந்து மூதூருக்கு ஓடிப் பழகியவர்களுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வேகத்தை இவ்வளவு வலியுறுத்த இன்னொரு காரணம், அடிகளைக் கூட்டும் முறை. உடல் அதிர்வு பற்றிய 2002ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதிமுறையில் ஓர் அளவை உண்டு. அதில் அடியின் நான்காம் படியைக் கூட்டுகிறார்கள். இரண்டு மடங்கு பலமான ஓர் அடி, சாதாரண அடிகள் பதினாறுக்குச் சமம் என்று அர்த்தம். அடுக்கடுக்கான அதிர்ச்சிகளுக்கென்று வந்த, சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 2631இன் ஐந்தாம் பகுதி ஆறாம் படியை எடுக்கிறது; அதன்படி அறுபத்துநான்கு. நான்கா ஆறா என்று விஞ்ஞானிகளிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. எந்த அளவுக்குக் கீழே இருந்தால் முதுகு நிச்சயமாகப் பாதுகாப்பு என்பதும் தீராத விவாதம்தான். வயது, எலும்பின் உறுதி, பழைய காயம், நிற்கும் விதம் எல்லாம் அதில் குறுக்கிடுகின்றன. ஐயமே இல்லாதது இது: சின்ன அடிகள் பலவற்றைவிடப் பெரிய அடிகள் சில மிகக் கொடியவை. ஆகவே சராசரியை மென்மையாக்குவதில் பணத்தைக் கொட்டுவதைவிட, அந்தச் சில பெரிய அடிகள் வராமல் பார்ப்பதே கெட்டிக்காரத்தனம். மெத்தை சின்ன அடிகளுக்கு நண்பன், பெரிய அடியில் முழுக்க நசுங்கிக் கிடக்கும்.

அந்தப் பெண் இருந்த இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் எனக்கு மனவருத்தமே உண்டு. வேகமாக ஓடும் படகு பின்பகுதியை ஊன்றிக்கொண்டு முன்பகுதியைத் தூக்கித் தூக்கிப் போடும். பின்னால் இருப்பவருக்குக் கிடைக்கும் ஆட்டத்தைவிட அணியத்தில் இருப்பவருக்குக் கிடைப்பது பல மடங்காகலாம். படம் எடுக்க வசதி, முகத்தில் காற்று என்று எல்லோரும் விரும்பும் இடமும் அதுதான். காசு கொடுத்து வந்தவர்கள்தானே என்று நாமும் அவர்களை அங்கேயே இருத்திவிடுகிறோம். உட்கார்ந்த நிலையில் கால்களுக்கு வேலை இல்லை. இடுப்பெலும்பு தளத்தில், அதன் மேல் நேராக முதுகெலும்பு. பிரித்தானியாவில் இத்தகைய படகுகளில் உல்லாசப் பயணம் போனவர்களுக்கு நாரிப்பகுதி முள்ளெலும்பு நசுங்கிய சம்பவங்களை அங்குள்ள கடல்விபத்து விசாரணைப் பிரிவு பதிவுசெய்திருக்கிறது. குதித்தோ விழுந்தோ இல்லை, இருந்த இடத்தில் இருந்தபடியே. ஆகவே இன்றைக்கே செய்யக்கூடியது: கடல் சற்று எழும்பியிருந்தால் அணியத்தில் யாரையும் இருத்த வேண்டாம். முதியவர்களையும், எலும்புத் தேய்வு உள்ளவர்களையும், முதுகில் ஏற்கெனவே நோய் உள்ளவர்களையும் பின்னுக்கு அழையுங்கள். கர்ப்பிணிகளை இந்தப் படகில் ஏற்றவே வேண்டாம். ஏற்றும்போது கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

றப்பர்க் குழாய் இருக்கிறதே, அது அடியைத் தாங்காதா என்று பலர் கேட்கிறார்கள். தாங்கும், பக்கவாட்டில். 1960களில் வேல்ஸில் உள்ள அட்லாண்டிக் கல்லூரியில் அட்மிரல் ஹோரும் மாணவர்களும் காற்றுப் படகின் கிழியும் அடித்தட்டுக்குப் பதிலாகக் கெட்டியான அடித்தட்டைப் பொருத்தி இந்த வகையை உருவாக்கியபோது, குழாய் மிதப்பைக் கொடுத்தது, சரிவைத் தடுத்தது, கப்பலோடு உரசினாலும் உடையாமல் இருந்தது. கீழே அடித்தட்டும் தளமும் கெட்டியானவை. அங்கே விழும் அடி குழாயைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. குழாயின் மேல் ஏறி இருப்பவருக்கு அடி கொஞ்சம் மென்மையாக வரலாம், ஆனால் உடல் முறுகும், அடுத்த அலைக்கு வெளியே எறியப்படுவார். வேகமாக ஓடும்போது குழாயில் யாரும் இருக்கக் கூடாது.

மைத்துனருக்கு நான் முதலில் செய்துகொடுப்பது மெத்தை இல்லை, இருக்கை. சைக்கிளில் இருப்பது மாதிரிக் கால்களை இருபுறமும் போட்டு இருக்கும் ஒடுக்கமான, உயரமான பெட்டி இருக்கை ஒன்றை நம் பைபர் வேலைக்காரர்களே செய்வார்கள். உயரம் முக்கியம்: உட்கார்ந்தால் முழங்கால் அரைவாசிதான் மடங்க வேண்டும், உடம்புப் பாரத்தில் ஒரு பங்கு காலில் இருக்க வேண்டும். பெரிய அலை தெரிந்தவுடன் பிட்டம் இருக்கையை விட்டு இரண்டு விரல் எழும்ப வேண்டும். அப்போது தொடைத் தசைதான் அதிர்ச்சி தாங்கி. இந்த இருக்கைக்குக் கீழே கால் வைக்கும் இடத்தில் மெத்தை இருந்தால்தான் அந்த மெத்தைக்கே பயன் வருகிறது. கால் எரியாமல், சறுக்காமல், நெடுநேரம் தசையை இளக்கி நிற்க அது உதவும். களைத்த காலை மனிதன் தன்னை அறியாமல் நேராக்கிப் பூட்டிவிடுவான், பூட்டிய முழங்கால் அடியை நேரே நாரிக்கு அனுப்பும். மெத்தை முதுகுக்குச் செய்யும் பெரிய உதவி இதுதான் என்பது என் அனுபவத்தில் வந்த எண்ணம். அளந்து நிறுவியது என்று சொல்ல மாட்டேன்.

முச்சக்கரவண்டியின் ஷொக் அப்சோபரை இருக்கைக்குக் கீழே பூட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லுவார்கள். வேண்டாம். அது வேறு பாரத்துக்கும் வேறு ஆட்டத்துக்கும் செய்தது. மெலிந்தவருக்கு அசையாது; பாரமானவருக்கு அடிமட்டத்தில் போய் இரும்போடு இரும்பு முட்டும், அந்த முட்டு சாதாரணப் பலகையில் இருப்பதைவிட மோசமான அடி. ஆளைத் திருப்பி மேலே எறியும். உப்புத் தண்ணீரில் அதன் தண்டு சீக்கிரமே துருவேறி இறுகியும் விடும். இருக்கைக்குப் பதுபதுவென்ற ஸ்பொஞ்ச் வைப்பதும் இதே கதைதான்: கரையில் சுகம், கடலில் நசுங்கி, பிறகு தூக்கி எறியும்.

இனி நீங்கள் கேட்ட மெத்தை. ஈ.வி.ஏ. என்பது செருப்பின் அடிக்குப் போடும் அதே இனம். அதன் சிறு குமிழ்கள் ஒவ்வொன்றும் மூடியிருப்பதால் தண்ணீரைக் குடிக்காது. தேக்கு மரம் மாதிரிக் கோடு போட்டு, பின்னால் பசையோடு வரும் 5, 6 மில்லிமீற்றர் விரிப்புகள் சறுக்காமல் இருக்க நல்லவை, அதிர்ச்சிக்குப் போதாது. உங்களுக்கு வேண்டியது 20 முதல் 25 மில்லிமீற்றர். மேலே தேயாத, இறுக்கமான மெல்லிய படலம், கீழே சற்று இளகிய தடித்த படலம் என்று இரண்டாக இருந்தால் நல்லது. வாங்குவதற்கு முன் ஒரு துண்டைச் சீமெந்துத் தரையில் போட்டு, ஒற்றைக் குதிகாலில் முழுப் பாரத்தையும் கொடுத்து நில்லுங்கள். பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து ஒருவர் பார்க்கட்டும். தடிப்பில் கால்பங்கு அளவு இறங்கினால் சரி. பாதிக்கு மேல் இறங்கினால் சும்மா நிற்பதிலேயே அது முடிந்துவிட்டது, அடிக்கு மிச்சம் எதுவும் இல்லை. இறங்கவே இல்லையென்றால் அது றப்பர்ப் பாய், மெத்தை இல்லை. இந்தச் சோதனையை மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்த துண்டில் இன்னொரு முறை செய்யுங்கள். சூட்டில் ஈ.வி.ஏ. இளகும், காலையில் சரியாக இருந்த துண்டு மத்தியானம் குழைந்து போகலாம். கறுப்பும் கடும் நீலமும் வேண்டாம்; வெறுங்காலோடு வரும் பயணிகளின் பாதம் சுடும், மெத்தையும் சீக்கிரம் சாகும். வெளிர் சாம்பல் போதும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று கதிரைக்குப் போடும் ஸ்பொஞ்சைத் தளத்தில் போடாதீர்கள். இரண்டு சதுர மீற்றர் தளத்தில் 25 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் 50 லீற்றர் இடம். ஸ்பொஞ்ச் ஊறினால் அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஒரு பயணியின் பாரத்தைச் சும்மா சுமந்துகொண்டு ஓடுவீர்கள். பொதி கட்டும் வெள்ளை நுரையான றெஜிபோம் ஒரே அடியில் நொறுங்கும், மீண்டு எழாது. பெற்றோலும் எஞ்சின் எண்ணெயும் நுரையை ஊதவைக்கும், பசையைக் கரைக்கும்; பெற்றோல் தாங்கி வைத்திருக்கும் மூலையில் மெத்தை வேண்டாம், பலகைதான் சரி. சுழியோடிகளின் சிலிண்டர்களை மெத்தையில் நாள் முழுக்க வைத்தால் அந்த இடம் குழிந்து திரும்ப எழாது. அவற்றுக்கும் தனித் தட்டு வேண்டும்.

ஒட்டும் முறையில்தான் அதிகம் பேர் படகைக் கெடுத்துக்கொள்கிறார்கள். திருத்த வந்த ஒரு படகில் மெத்தையை உரித்தபோது நான் கண்டது: மேலே புத்தம் புதிது போல் சுத்தமான விரிப்பு, ஒரு மூலையைக் கத்தியால் கிளப்பியதும் அழுகிய முட்டை நாற்றம், கறுத்த தண்ணீர், அதில் மணல். அடியில் இருந்த ஒட்டுப்பலகையில் விரலை வைத்தால் உள்ளே போனது. தளத்தை விட்டு விலகிய பசை வெள்ளைத் தோலாக உரிந்து வந்தது. தண்ணீர் மேலாக வரவில்லை. ஆணி அடித்த துளைகளாலும் ஓரத்தாலும் போய், வெளியேற வழியில்லாமல் நின்றிருந்தது. அலுமினியத் தளமாக இருந்தாலும் இதே நிலைமையில் காற்றுப்படாத உப்புத் தண்ணீர் தகட்டில் குழி குழியாக அரிக்கும். ஆகவே முழுத் தளத்துக்கும் ஒரே விரிப்பாக ஒட்ட வேண்டாம். கழற்றக்கூடிய மூன்று நான்கு துண்டுகளாக வெட்டி, அடிப்பக்கம் தண்ணீர் ஓட வாய்க்கால் கீறி, ஓரத்தை அலுமினியச் சட்டத்தாலோ அழுத்துப் பொத்தானாலோ பிடியுங்கள். தளத்தில் துளை போட்டே ஆக வேண்டுமென்றால் துளையின் வாயை எபொக்சியால் அடைத்துவிட்டு அதற்குள் திருகாணியை இறக்குங்கள். வடிகால் துளைகளைச் சுற்றி ஒரு சாண் இடம் விடுங்கள். ஓடும்போது ஒரு துண்டு கழன்று வடிகாலை மூடினால் படகு தண்ணீரால் நிறையும். கழன்ற துண்டில் கால் வைத்தவர் கடலில். பிடி உறுதியாக இல்லாத மெத்தையைவிட வெறுந்தளம் மேல். வாரம் ஒருமுறை கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் நிமிர்த்திக் காயவிடுங்கள். பயணிகள் பூசும் வெயில் கிரீம் மெத்தையில் படிந்து வழுக்கும், சவர்க்காரத் தண்ணீரில் தும்புத்தடியால் தேய்த்தால் போகும். 25 மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பாகப் போட ஆசைப்பட வேண்டாம். தளம் உயர உயர, பக்கத்துக் குழாய் காலுக்குத் தாழ்ந்துகொண்டே போகும், ஆள் வெளியே விழும் ஆபத்துக் கூடும்.

உங்கள் சுருட்டும் படகில் காற்றுத்தளமே ஒரு மெத்தை; மேலே நுரை எதுவும் ஒட்ட வேண்டாம், ஒட்டினால் சுருட்ட முடியாது. அடி மென்மையாகட்டும் என்று காற்றைக் குறைத்து ஓடுவதுதான் அங்கே நடக்கும் பெரிய பிழை. தளம் தொய்ந்தால் படகு நடுவில் மடியும், என்ஜினின் தள்ளுவிசை பின்பலகையை முறுக்கும், தையல் விடும். தயாரிப்பாளர் தகட்டில் எழுதிய அழுத்தம் எதுவோ, பெரும்பாலும் 0.7, 0.8 பார், அதை மானியால் அளந்து வையுங்கள். வெயிலை மட்டும் மறக்காதீர்கள். காலையில் 27 பாகையில் 0.8 பாருக்கு அடித்த தளம், கரையில் கிடந்து உள்ளே காற்று 57 பாகைக்குச் சூடானால் 0.98க்கு ஏறும், 0.25இல் இருந்த குழாய் 0.37ஐத் தாண்டும். கரையில் ஏற்றி வைக்கும்போது கொஞ்சம் விட்டுவிடுங்கள், தண்ணீரில் இறக்கி ஆறிய பிறகு மீண்டும் அளந்து நிரப்புங்கள்.

மைத்துனரைப் பற்றி இன்னும் ஒன்று. வேகப் படகில் வேலை செய்பவர்களுக்கு வரும் காயங்கள் பற்றி 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஒரு கருத்தாய்வில், பதில் சொன்னவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் காயம் அடைந்திருந்தார்கள். கீழ் முதுகுதான் முதலிடம், அடுத்தது முழங்கால். அவர்களே சொன்னதை வைத்துச் செய்த கணக்கு என்பதால் எண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தாலும், வரிசை நம் படகோட்டிகள் சொல்வதோடு ஒத்துப்போகிறது. அவருடைய வலி ஓய்வு நாளிலும் இருக்கிறதா, காலுக்கு இறங்குகிறதா என்று கேளுங்கள். காலில் விறைப்பு, பெலக்குறைவு இருந்தால் எண்ணெய் பூசிக்கொண்டு பார்த்திருக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். தொடைகளின் உட்பக்கமும் பிட்டமும் மரத்துப்போனால், சிறுநீர் போக முடியாவிட்டால் அல்லது அடக்க முடியாவிட்டால், அதே நேரம் வைத்தியசாலை. பயணி ஒருவர் அடிக்குப் பிறகு முதுகின் நடுவில் வலி என்று சொன்னால் தூக்கி உட்காரவைக்க வேண்டாம். கிடந்தபடி கிடக்கவிட்டு, மெதுவாகக் கரைக்குக் கொண்டுவந்து, பலகையில் வைத்து இறக்கிக் கதிர்ப்படம் எடுக்கும் வரை நடக்கவிடாதீர்கள்.

மெத்தை போட்ட பிறகு பயன் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் கைத்தொலைபேசியே போதும். அசைவை அளக்கும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. தொலைபேசியைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு, பெட்டி இருக்கையின் பக்கத்தில் ஆடாமல் இறுக்கி ஒட்டுங்கள். சட்டைப்பையில் வைத்தால் பையின் ஆட்டத்தைத்தான் அளப்பீர்கள். தளத்துக்கு வரும் அடி எவ்வளவு என்பதை இது காட்டும். மெத்தைக்கு மேலே காலுக்கு வருவதைக் காட்டாது. அதற்கு மைத்துனரின் வாய்ச்சொல்தான் கருவி. ஒரே நாளில், திரும்பும் அதே வழியில், 25 நொட்டில் கொஞ்சத் தூரமும் 20 நொட்டில் கொஞ்சத் தூரமும் ஓடி, உச்ச அடிகளை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெவ்வேறு நாட்களை ஒப்பிட்டால் அலையின் வித்தியாசம் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அந்த இரண்டு எண்களையும், உங்கள் தளம் பைபரா ஒட்டுப்பலகையா என்பதையும், குதிகால் சோதனையில் துண்டு எத்தனை மில்லிமீற்றர் இறங்கியது என்பதையும் இங்கே எழுதுங்கள். எந்த மெத்தை, எத்தனை துண்டு, இருக்கை என்ன உயரம் என்று அப்போது திட்டமாகச் சொல்கிறேன்.